கடற்கரையாக நடித்தவன்

நாடகக் கலையில் முதுகலை இரண்டாம் ஆண்டுத் தேர்வில் மரமாக நிற்கச் சொன்னபோது, பிள்ளைச்சாவடி குமாரவேலின் வலது தோளில் பதினேழு கொய்யா காய்த்தது. இது நடந்தது இரண்டாயிரத்துப் பதினேழு ஏப்ரலில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் இரண்டைப் பறித்துத் தின்றுவிட்டு, காய் இனிப்புதான், ஆனால் உடல்மொழியில் இறுக்கம் இருக்கிறது என்று குறித்து அறுபத்திரண்டு மதிப்பெண் போட்டார். இன்னொரு பேராசிரியர், நவீன அரங்கில் மரம் நிற்பதோடு சரி, காய்ப்பதில்லை என்று அரைமணி நேரம் விளக்கினார். விளக்கி முடித்தபோது அவர் சட்டைப் பையிலும் ஒரு கொய்யா இருந்தது.

பட்டம் கைக்கு வந்த வாரமே குமாரவேல் தன் அம்மா வரலட்சுமியைக் கூட்டிக்கொண்டு அன்புசெல்வியைப் பெண் கேட்கப் போனான். அன்புசெல்வி கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பள்ளிக்கூட நாளிலிருந்தே இருவருக்கும் பழக்கம். அவள் அப்பா ராஜாங்கம் முப்பது வருஷமாக ஊரில் மீன் ஏலம் கூறுகிறவர். அவர் பேசினால் சாதாரணப் பேச்சும் ஒரு தரம், ரெண்டு தரம் என்கிற மாதிரியே கேட்கும். "நாடகம் படிச்சியாமே, சந்தோஷம். சினிமால உன் மூஞ்சி தெரியட்டும். அப்புறம் கல்யாணத்தப் பேசலாம்" என்றார். மீன் விற்றுவிட்டு வெறும் கூடையோடு வந்திருந்த வரலட்சுமி, "ரெண்டு வருஷம் படிச்சதுக்கு மூஞ்சி கூடவா தெரியாது அண்ணே" என்று சிரித்தாள்.

தெரியவில்லை. புதுச்சேரியின் மஞ்சள் சுவர்களைக் காட்டிப் பிரான்ஸ் என்று ஏமாற்ற மாதம் நாலு சினிமாக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்ததால் வாய்ப்புக்குப் பஞ்சமில்லை. சிக்கல் வேறு. குமாரவேல் சிவப்புத் தொப்பி போலீஸ்காரனாக நடித்தான். திரையில் ஐம்பத்தைந்து வயசில், தொப்பையோடும் மூட்டுவலியோடும், ஓய்வூதியத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவர் நின்றார். தெருவிளக்காக நடித்தான், ஈசல் வந்து மொய்த்தது. ஒவ்வொரு படத்தையும் ராஜாங்கம் முதல் நாளே போய்ப் பார்த்தார். "எங்கடா நீ?" என்பார். "அந்தப் போலீஸ்காரர்தான் மாமா." "அது யாரோ பெரிய மனுஷன்டா, பாவம். அவர ஏன் இழுக்குற?"

இதற்கிடையில் அவன் பெரியப்பா மகன் அய்யப்பன், கருவடிக்குப்பத்தில் ஒரு ஜிம்மைத் தவிர வேறெந்தக் கல்விக்கூடத்தையும் முழுதாகப் பார்க்காதவன், ஐந்து படத்தில் நடித்துவிட்டான். டாக்டராக வந்தாலும் அய்யப்பன், கொலைகாரனாக வந்தாலும் அய்யப்பன், ராஜா கதையில் படைத்தளபதியாக வந்தாலும் கையில் வாட்ச் கட்டிய தழும்போடு அதே அய்யப்பன். பஸ்ஸின் முதுகில் அவன் முகம் ஊர் ஊராகப் போயிற்று. டீக்கடை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பட்டம் படித்தால் நடிப்பு வரும் என்றது ஒரு கட்சி. நடிப்பு வந்தால் ஆள் காணாமல் போய்விடுகிறானே என்றது மற்றது. சென்னையில் வேஷம் கேட்கப் போன இடங்களில் குமாரவேலின் சான்றிதழை யாரும் பிரித்தே பார்க்கவில்லை. உயரம் கேட்டார்கள், இன்ஸ்டாவில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று கேட்டார்கள்.

இப்படி ஏழு வருஷம் போனது. அன்புசெல்வி பதினோரு மாப்பிள்ளைகளை வேண்டாமென்றாள். "எனக்கு அவன் மூஞ்சி தெரியுதுப்பா, அது பத்தாதா?" என்று கேட்டால், "ஊருக்குத் தெரியணும்" என்பார் ராஜாங்கம். பன்னிரண்டாவதாகக் கடலூர் பக்கமிருந்து ஒரு சிங்கப்பூர் மாப்பிள்ளை வந்தான். இந்த முறை அவர் மகளைக் கேட்கவில்லை. வருகிற தையில் கல்யாணம் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

அதே வருஷங்களில் பிள்ளைச்சாவடிக் கடற்கரையையும் கடல் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அது அதிசயமல்ல, எல்லோரும் பார்க்க நடந்தது. மணல் போய், நாலு வரிசை வீடு போய், கடைசியில் கருங்கல்லைக் கொட்டினார்கள். படகு ஏற்ற இடமில்லாமல் பக்கத்து ஊரில் விட்டார்கள், தினம் ஒரு சண்டை. ராஜாங்கம் ரோட்டோரத்தில் நின்று ஏலம் கூறினார். ரெண்டு தரம் என்பதற்கும் மூணு தரம் என்பதற்கும் நடுவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். விலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ஆவணி மாதம் டைரக்டர் விக்ரம் நாற்பது வண்டியோடு வந்து இறங்கினார். கடலைப் பற்றி ஒரு காவியம் எடுப்பதாகப் பேட்டி கொடுத்திருந்தவர், கடலை இருபது வருஷத்துப் பழைய போட்டோவில் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார். கல்லைப் பார்த்து, "இங்கிருந்த கடற்கரை எங்கே?" என்று கத்தினார். "அதத்தான் சார் நாங்களும் தேடுறோம்" என்றார்கள் ஊர்க்காரர்கள். ஹீரோவுக்கு நண்பனாக நடிக்க வந்திருந்த அய்யப்பன், "என் தம்பி நாடகம் படிச்சவன் சார். எது சொன்னாலும் ஆவான்" என்றான். விக்ரம் எரிச்சலில், "அப்ப கடற்கரையா நிக்கச் சொல்லு" என்றார்.

"நிக்க முடியாது சார், படுக்கணும்" என்றான் குமாரவேல். "எந்த வருஷத்துக் கடற்கரை? மழைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"இதுக்குத்தான்யா படிச்சவன சேக்கறதில்ல" என்று விக்ரம் தலையில் அடித்துக்கொண்டார்.

குமாரவேல் கல்மேல் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினான். எட்டு நிமிஷத்தில் மணல் வந்தது. அறுபது அடி அகலம், ஊர் நீளத்துக்கு நீளம், நண்டு வளையும் அடம்பங்கொடியும் பாதி புதைந்த ஒரு செருப்புமாக. ஹீரோ அதன்மேல் பதினோரு முறை நடந்து, பன்னிரண்டாவது முறை அழுதார். காலை ஒன்பது மணிக்கு விக்ரம் கட் சொல்லி, நன்றி சொல்லாமல் வண்டியேறினார். மணலின் ஓரம் லேசாக அசைந்தது. அப்போதுதான் முதல் பைபர் படகு அலைக்கு அப்பால் தெரிந்தது. ராஜாங்கம் முப்பத்தேழு வருஷக் குரலையும் சேர்த்துக் கத்தினார்: "டேய், எழுந்திரிக்காதடா! படகு வருது!"

எழுந்திரிக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக இருபத்திரண்டு படகு மணலேறியது. சங்கரா மீனும் கிழங்கான் மீனும் கூடை கூடையாக இறங்க, ராஜாங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு, நிற்பது நெஞ்சிலா வயிற்றிலா என்று தெரியாமல் பதமாக நின்று, ஹாரன் இல்லாமல் ஏலம் கூறினார். இரவு டூட்டி முடிந்து வந்த அன்புசெல்வி மணலில் உட்கார்ந்து, ஒரு பிடி அள்ளி, திரும்ப அதே இடத்தில் வைத்தாள். கடைசிக் கூடை போனதும் ராஜாங்கம் குனிந்து, ஊருக்கே கேட்கிறபடி, "மாப்ள, போதும். எழுந்திரிங்க, வெயில் ஏறிப்போச்சு" என்றார்.

வரலட்சுமி விடுவாளா? "மூஞ்சி தெரியணும்னீங்களே அண்ணே?"

"அறுபது அடி அகலத்துக்குத் தெரியுதே தங்கச்சி, இன்னும் என்னா தெரியணும்?"

சிங்கப்பூருக்கு அன்றைக்கே போன் போட்டாயிற்று. தையில் கல்யாணம் நடந்தது. பந்தல் போட இடமில்லாததால் மாப்பிள்ளை தாலி கட்டிய கையோடு போய்ப் படுத்துக்கொண்டார், எழுநூறு பேர் அவர்மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். படம் சித்திரையில் வந்தது. ஒரு விமர்சகர், கடற்கரை மட்டும் கிராபிக்ஸ், பார்த்தாலே தெரிகிறது என்று எழுதினார். அய்யப்பனும் ஒருநாள் ஆசைப்பட்டு, கரையை இன்னும் கொஞ்சம் நீட்டலாமென்று பக்கத்தில் படுத்துப் பார்த்தான். பத்து மணி வரைக்கும் அய்யப்பனாகவே இருந்தான். முதுகு மட்டும் கொப்புளித்தது. அன்றோடு டீக்கடையில், ஆள் காணாமல் போகிறான் என்ற இரண்டாவது கட்சி கலைந்துவிட்டது.

இப்போது ஊர்ப் பஞ்சாயத்து குமாரவேலுக்குக் காலை ஐந்திலிருந்து பத்து வரை நேரம் ஒதுக்கியிருக்கிறது. டவுனிலிருந்து வருகிற சுற்றுலாக்காரர்கள் மணலைக் கண்டு வண்டியை நிறுத்துவார்கள். செருப்போடு இறங்கலாமா என்று யாராவது கேட்டால், கூடையைத் தூக்கிக்கொண்டே வரலட்சுமி சொல்லுவாள்: "கழட்டிட்டுப் போங்க. எம்புள்ள வேலைல இருக்குது."