அத்திமரத்துப் பூச்சி

சுங்கத்தில் வேலை பார்த்து பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் 'முசே' ஓகுஸ்தேனுக்கு வாய் கொஞ்சம் நீளம். காரைக்காலில் பூச்சி பார்க்கும் பைத்தியங்கள் மூன்றே பேர்; அதில் தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்பது அவர் நினைப்பு. மற்ற இருவர் துணிக்கடை அலாவுதீனும், கோவில்பத்து வாத்தியார் அம்பலவாணனும். தோட்டத்தில் அகப்படும் அந்துப்பூச்சிகளுக்கு மூவரும் கூடிப் பெயர் கண்டுபிடிப்பார்கள். அலாவுதீனிடம் இருந்தது இங்கிலீஷ் புத்தகம். அந்துப்பூச்சிக்கு அதில் 'மாத்' என்று போட்டிருந்ததால் மூவர் வாயிலும் அது 'மாத்து' ஆகிவிட்டது.

சண்டை வந்தது அலாவுதீன் வீட்டு அத்திமரத்தால். அதில் வெள்ளையாய் ஒன்று, கரி படிந்தாற்போல ஒன்று உட்கார்ந்திருந்தன. இரண்டும் ஒரே இனம், ஆணும் பெண்ணும் என்றார் அலாவுதீன்.

"ஒங்களுக்குத் துணிச் சாயம் தெரியும் பாய், பூச்சி தெரியாது," என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டார் ஓகுஸ்தேன். அலாவுதீனும் பதிலுக்கு ஏதோ சொல்ல, பேச்சு நின்றது. பிரெஞ்சுக் கொடி இறங்கியது, மழை வந்து போனது, ஓகுஸ்தேன் அந்தத் தெருப்பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

பிறகு ஒரு நாள் அம்பலவாணன் வந்தார். "அத்தி எலையிலேருந்து முட்டை எடுத்து வளத்தேங்க. ஒரே தாய் முட்டையில வெள்ளையும் வந்துச்சு, கறுப்பும் வந்துச்சு."

ஓகுஸ்தேனுக்கு முகம் செத்துப்போயிற்று. நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்போம், நாளைக்குக் கேட்போம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். பாழாய்ப்போன வீம்பு.

ஒரு காலையில் அலாவுதீனின் பக்கத்துவீட்டு அப்துல் லத்தீப் சைக்கிளை விட்டு இறங்காமலே, "முசே, அலாவுதீன் பாய் வீட்டுல மவுத்து. ஒங்களுக்குச் சொல்லச் சொன்னாங்க," என்றுவிட்டுப் போனார்.

அந்தத் தெருவில் சாவை மவுத்து என்பார்கள் என்று இவருக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து கேட்ட வார்த்தை. ஆனால் மனசு எதற்கு ஏங்கிக் கிடந்ததோ அதைத்தான் காது கேட்டது. மாத்து வந்திருக்கிறது, பாய் கூப்பிட்டுவிட்டார். நிதானமாகச் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, பூதக்கண்ணாடியோடு சிரித்த முகமாய்ப் போனார்.

வாசலில் கூட்டம். பூச்சி பார்க்க இத்தனை பேரா என்று நினைத்தார். அப்புறம்தான் இறந்தவரைத் தூக்கிப்போகும் சந்தூக்கையும், அதன் மேல் போர்த்திய துணியையும் பார்த்தார்.

மய்யித்தை அடக்கத்துக்கு எடுக்குமுன் இறந்தவரின் மகன் கூட்டத்திடம் கேட்பது வழக்கம். அலாவுதீன் மகன் மதார் சாகிப் கைகட்டி நின்றான். "எங்க வாப்பா யாரு மனசாவது நோவ நடந்திருந்தா மாப்பு செஞ்சுருங்க."

"மாப்பு செஞ்சோம்," என்றது கூட்டம்.

அவன் ஓகுஸ்தேன் பக்கம் திரும்பினான். "முசே, நீங்க தனியாச் சொல்லணும். அன்னிக்கு அவர எதுத்துப் பேசிட்டேன், எனக்காக மாப்பு கேளுன்னு ஒங்க பேரச் சொல்லிட்டுப் போனாங்க."

ஓகுஸ்தேன் அழுதார். சந்தூக்கைத் தூக்க நின்றவர்கள் அவர் வாயைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

"மாப்பு செஞ்சேன்," என்றார் கடைசியில். மாப்பு கேட்க வேண்டியவன் நான்தான் என்று சொன்னால் கேட்க அலாவுதீன் இல்லை.