மாதுளை ஈன்ற பகல்

மாதுளை அன்று காலை வைக்கோலைத் தொடவில்லை. மற்ற அல்பாக்காக்கள் தொட்டியில் முகம் புதைத்து மென்றுகொண்டு நிற்க, அவள் மட்டும் வேலி மூலைக்குப் போய்ப் படுப்பதும் எழும்புவதுமாக இருந்தாள். புழுக்கை அள்ளிக்கொண்டிருந்த தனோஜன் சவளைச் சுவரில் சாத்திவிட்டு அவளையே பார்த்து நின்றான். குட்டி ஒட்டகம் போன்ற உருவம், செம்மண் நிறத்தில் அடர்ந்த கம்பளி, நீண்ட கழுத்து, கண்ணை மறைக்கிற தலைமயிர். வழமையில் அவனைக் கண்டதும் ஓடிவருகிறவள் இன்றைக்குத் திரும்பியும் பார்க்கவில்லை.

பண்ணை ஜெனாட் அக்காவுடையது. டவுன்டவுனில் ஒரு சலவைக் கடையில் பல வருடம் வேலைக்கு நின்றவர், ஊரெல்லாம் சிரிக்கச் சிரிக்க, மொன்றியல் தீவுக்கு வெளியே இந்த நிலத்தை வாங்கி அல்பாக்கா வளர்க்கத் தொடங்கினார். அன்றைக்கு அவர் கம்பளிக் காலுறைகளையும் தொப்பிகளையும் ஏற்றிக்கொண்டு புவாண்ட்-கிளேரில் ஒரு சந்தைக்குப் போயிருந்தார்.

தனோஜன் கிழமை நாட்களில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுகிறவன். சனிக்கிழமைகளில் இங்கே வர அவனை யாரும் வற்புறுத்தவில்லை. வராவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருக்கும். ஏழாம் மாதம் முடியுமுன்பே பிறந்துவிட்ட அவனுடைய மகள் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். அவன் மனைவி வினோஜா தினமும் போய்ச் சட்டையைத் திறந்து பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் இருப்பாள். தகப்பனும் அப்படி வைத்திருக்கலாம் என்று தாதி சொன்னபோது, தனக்குத் தடிமன், இருமல் என்று சொல்லித் தப்பினான். அடுத்த முறையும் அதையே சொன்னான். பிள்ளையின் கை அவனுடைய சின்னவிரல் பருமன்தான். தோலுக்கு உள்ளே நீல நரம்பு ஓடுவது தெரிந்தது. நாள் முழுக்கப் பெட்டி தூக்குகிற இந்தக் கைகளால் அதைத் தொட்டால் ஏதோ உடைந்துவிடும் என்று அவன் உள்ளூர நம்பினான். அதை வினோஜாவிடம் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

மாதுளையின் வாலடியில் ஏதோ பளபளத்தது. தனோஜன் கைபேசியை எடுத்தான்.

"அக்கா, மாதுளைக்குக் குட்டி வருது போல."

"இப்பவோ? இன்னும் நாள் கிடக்கே! மூக்கும் ரெண்டு காலும் தெரியுதோ?"

"ஓம்."

"அப்ப கை வையாதை. பாத்துக்கொண்டு நில். நான் வெளிக்கிடுறன்."

மாதுளை படுக்கவில்லை. நின்றபடியே முக்கினாள். குட்டியின் தலையும் முன்னங்கால்களும் வெளியே வந்து, மீதி உடல் இன்னும் தாய்க்குள் இருக்க, அது அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மூக்கிலிருந்து நீர் வடிந்தது. ஒட்டிக் கிடந்த காதுகளில் ஒன்று பிரிந்தது. பிறகு அது கண்ணைத் திறந்தது. முழுதாய்ப் பிறக்கவேயில்லை, அதற்குள் வானத்தையும் வேலியையும் சப்பாத்துப் போட்ட ஒரு மனிதனையும் தலைகீழாய்ப் பார்த்தது. அந்தக் கரிய கண்ணில் பயம் இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. வைக்கோலை விட்டு எல்லாப் பெட்டைகளும் வந்திருந்தன. ஒன்றையொன்று இடிக்காமல் சுற்றி நின்று, வாயைத் திறக்காமலே, மூக்கால் முனகின. கோயிலுக்குள் ஆட்கள் தங்களுக்குள் முணுமுணுப்பதுபோல இருந்தது. மாதுளையும் முனகினாள். குட்டி வழுகி ஈரப் புல்லில் தொப்பென்று விழுந்தது.

ஏப்ரல் மாதம்தான், ஆனால் வெயில் இல்லை. ஆற்றுப் பக்கத்திலிருந்து காற்று வெட்டியது. மாதுளை குனிந்து குட்டியின் மூக்கோடு மூக்கை வைத்தாள். முனகினாள். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. தனோஜன் கைபேசியில் மறுபடி அக்காவைக் கூப்பிட்டான்.

"அக்கா, இவள் குட்டியை நக்குறாளில்லை!"

"உதுகள் நக்காது. நாக்கு வெளியில நீளாது, அப்பிடித்தான் படைப்பு. வெயில்தான் காயவைக்கிறது. இண்டைக்கு வெயிலும் இல்லை. கதவடியில துவாய் கிடக்கு, எடுத்துத் துடை."

"எனக்கு ஏலாது அக்கா. நீங்கள் கெதியா வாங்கோ."

"நான் பாலத்தில நிக்கிறன். கார் அசையுதில்லை. தம்பி, அது விறைச்சுப் போயிடும்."

அவன் துவாயைக் கொண்டுவந்து முழங்காலில் இருந்தான். முதலில் நுனிவிரலால்தான் தொட்டான். பிறகு இரண்டு கையாலும் தேய்த்தான். துவாய் நனைய வேறொன்று எடுத்தான். குட்டி நடுங்கிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. நல்லதென்று நினைத்து வாய்க்குள் விரல் வைத்துப் பார்த்தான். உள்ளே குளிர்ந்திருந்தது. கழுத்து துவண்டு சரிந்தது.

யோசிக்கவில்லை. குளிர்ச் சட்டையின் சிப்பை இழுத்துத் திறந்து, குட்டியை நெஞ்சோடு அணைத்து மூடிக்கொண்டு சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தான். நீண்ட கால்கள் வெளியே தொங்கின. ஈரம் உடுப்பைத் தாண்டி வயிறுவரை இறங்கியது. தன் விலா எலும்புகளில் இன்னொரு இருதயம் படபடவென்று அடிப்பதை உணர்ந்தான். மாதுளை பின்னாலேயே வந்தாள். கோபத்தில் முகத்தில் துப்புவாள் என்று நினைத்தான். துப்பவில்லை. அவனுடைய கழுத்துக்குள் மூக்கை விட்டு, குட்டியிடம் முனகியதைப்போலவே முனகினாள். மற்றவையும் வந்து சூழ்ந்தன. அவற்றின் மூச்சு அவன் முகத்தில் சுட்டது. அவனுக்கு அழுகை வந்தது. இத்தனை சனிக்கிழமையாய் இவற்றின் எருவை அள்ளியும், இவை யாரென்று தெரியாமலே இருந்திருக்கிறான்.

ஜெனாட் அக்கா ஓடி வந்தபோது குட்டி சட்டைக்குள்ளே உதைக்கத் தொடங்கியிருந்தது. இருவருமாய் அதைத் தரையில் விட்டார்கள். எழும்பியது, விழுந்தது, முன்னங்காலை அகட்டி மறுபடி எழும்பியது. தள்ளாடிப் போய்த் தாயின் அடியில் முட்டி, மடியைத் தேடிக் கவ்வியது.

"கடவுளே," என்றார் அக்கா. பிறகு அவனைப் பார்த்து, "உன்ரை கோலத்தைப் பார். போய்க் குளி," என்றார்.

அடுத்த நாள் அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். முழங்கைவரை சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினான். வினோஜா வழக்கமான கதிரையில் இருந்தாள்.

"தடிமன் விட்டிட்டுதோ?" என்றாள்.

"எனக்குத் தடிமனே இல்லை. பயம்."

அவள் எழும்பிக் கதிரையை விட்டுக்கொடுத்தாள். அவன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். தாதி வயர்களை ஒதுக்கி, பிள்ளையைத் தூக்கி அவன் நெஞ்சில் கிடத்தி, மேலே துணியைப் போர்த்தினாள். பாரமே இல்லை. சூடு மட்டும் இருந்தது, உள்ளங்கை அளவு சூடு. அவன் அசையவில்லை. நேரம் போவது தெரியவில்லை.

தாதி திரும்பி வந்து, பிள்ளையைப் பெட்டிக்குள் வைக்கவா என்று பிரெஞ்சில் மெதுவாய்க் கேட்டாள். தனோஜன் குனிந்து பார்த்தான். மகள் கண் மூடிக் கிடந்தாள். அவளுடைய விரல்கள் அவன் நெஞ்சு மயிர் ஒன்றை எப்படியோ பிடித்திருந்தன. அவன் மூச்சு இழுக்க அந்தச் சின்னப் பிடி உயர்ந்தது. மூச்சு விடத் தாழ்ந்தது.