நான்கு பிளக்கும் ஒரே ஈரம்

எங்கள் கார் என்னைவிட ஐந்து வயது மூத்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதைப் பழைய இரும்புக்குப் போடுவதென்று அம்மா முடிவு செய்துவிட்டாள்.

அத்தாவுக்குத் திருத்தங்கலில் சின்ன அச்சகம். பட்டாசு லேபிள் மாதிரிகளை எடுத்துக்கொண்டு அந்தக் காரில்தான் கம்பெனி கம்பெனியாகப் போவார். கொஞ்ச நாளாகக் கார் திக்கித் திக்கி ஓடியது. போன வாரம் தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனி வாசலில் புகைக்குழாய் வழியாக ‘டமார்’ என்றது. உள்ளே இருந்த அறுபது பேரும் வேலி தாண்டி ஓடிவிட்டார்கள். போர்மேன் லேபிள் மாதிரிகளோடு ஓடினார். ஆர்டர் போச்சு.

மெக்கானிக் ஊர்க்காவலன் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிப் பார்த்தார்.

“பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருச்சு பாய். ஆயில் மேல ஏறி பிளக்க நனைக்குது. இன்ஜினை இறக்கணும்.”

“இன்ஜின் மட்டும் எதுக்கு? மொத்தமா இறக்கிருவோம்,” என்றாள் அம்மா. உடனே இரும்புக்கடை தனுஷ்கோடிக்குப் போன் போனது.

சனிக்கிழமை அத்தா காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. புது பனியன் துணியால் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். “போறப்ப அழுக்காப் போகக் கூடாதுல்ல,” என்றார், என்னைப் பார்க்காமல். ஊர்க்காவலன் பக்கத்தில் நின்று தன் ஸ்பேனர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் நான்கு பிளக்கையும் அச்சகக் கழிவுத்தாளில் ஒவ்வொன்றாக அழுத்தினேன். வெறும் கரி என்றால் பொடியாக உதிரும். இங்கே நான்கு இடத்திலும் எண்ணெய் வட்டம் பரவியது. நான்கும் ஒரே அளவு. அதுதான் உறுத்தியது.

“நாலு ரிங்கும் ஒண்ணுபோலயா தேயும்?” என்றேன்.

“என்ன பாப்பா? சத்தமாச் சொல்லு.”

இன்னொரு முறை சொன்னேன். ஊர்க்காவலன் தலையைச் சொறிந்தார். ஏர் ஃபில்டர் மூடியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே எண்ணெய் நின்றது.

எங்கள் வாசல் சரிவு. காரைச் சமதரைக்குத் தள்ளிவைத்து, ஆயில் அளவு பார்க்கும் குச்சியைத் துடைத்து, உள்ளே விட்டு எடுத்தோம். மேல்கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை எண்ணெய்.

“ஆயில் குடிக்கிற வண்டியில ஆயில் கூடுதலா கெடக்கும்னு எவன் பாப்பான்?” என்றார் ஊர்க்காவலன். “ரிங்கு மேல தப்பில்ல பாய். நிரம்பி வழிஞ்சு, இன்ஜின் மூச்சுக்குழாய் வழியா ஏர் ஃபில்டருக்கு ஏறியிருக்கு. யாரு ஊத்துனது?”

அத்தா துணியை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

“வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு வந்து ஊத்துவேன். அரை டம்ளர்தான். குச்சியில எப்பவும் கொறச்சலாத்தான் காட்டும்.”

“சரிவுல வச்சுப் பாத்தா அப்படித்தான் காட்டும்,” என்றேன்.

“எத்தனை வாரமா?” இது அம்மா, வாசற்படியிலிருந்து.

“ஒரு பத்து வாரம்.”

வாரம் நூறு மில்லி. மொத்தம் ஒரு லிட்டர். ஊர்க்காவலன் கூடுதல் எண்ணெயை வடித்தபோது ஒன்றே முக்கால் லிட்டர் வந்தது. எரிந்து போனது தனி.

“அத்தா, கணக்கு ஒத்து வரல.”

“சத்தியமா அரை டம்ளர்தான் சுமைரா! அல்லாஹ் மேல...”

“சத்தியமெல்லாம் வேணாம்,” என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

ஊர்க்காவலன் பிளக்குகளைப் பெட்ரோலில் கழுவி மாட்டினார். முதலில் தெருவே மறைகிற அளவுக்கு நீலப் புகை. அப்புறம் கார் ஒரே சீராக உறுமியது. அத்தா பானெட்டில் கை வைத்தபடி நின்றார். அந்த நேரம் பார்த்து தனுஷ்கோடியின் டெம்போ வந்து நின்றது. கயிறும் கடப்பாரையுமாக நான்கு பேர் குதித்தார்கள்.

“எதைங்க ஏத்தணும்?”

அத்தா வாசலைப் பார்த்தார். அம்மா வெளியே வந்தாள். கையில் ஒரு லிட்டர் ஆயில் டப்பா. காலி.

“இவுக எங்க ஊத்தப் போறாகன்னு, பள்ளிவாசலுக்குப் போற நேரமாப் பாத்து நான் ஊத்திட்டேன்,” என்றாள் யாரையும் பார்க்காமல். “குச்சியெல்லாம் எனக்குப் பாக்கத் தெரியாது.”

“நீ இத இரும்புக்குப் போடுன்னு சொன்னவதானே கைரு?” என்றார் அத்தா.

“அது வேற.” டப்பாவைத் தனுஷ்கோடியிடம் நீட்டினாள். “இந்தாங்க, இத எடுத்துக்கோங்க.”

“இதுக்கா நாலு ஆளக் கூட்டிட்டு வந்தேன்?”

“நாலு பேரும் டீ குடிச்சிட்டுப் போங்க.”