ரேணுகா சொல்லாத புத்தகம்

ரேணுகா நல்லவள்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எனக்குச் சொல்ல மனம் வராது.

நானும் அவளும் ஆரோவில்லில் ஒரே கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிறோம். நான் சமையல்கட்டில், அவள் ரூம் சுத்தம் செய்கிற வேலையில். மரக்காணத்திலிருந்து ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருவோம். போன வருஷம் அங்கே மூன்று மாதம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா இவளுக்கு டாரட் சீட்டு பார்க்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஊருக்குப் போகும்போது சீட்டுக்கட்டையும் கொடுத்துவிட்டுப் போனாள். எழுபத்தெட்டுச் சீட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு படம். கிளி இல்லாத கிளி ஜோசியம், அவ்வளவுதான் என்று சிரித்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் தெருவில் பாதிப் பேர் அவள் வீட்டு வாசலில்தான் நிற்கிறார்கள். நிற்கட்டும், எனக்கென்ன. என் வீட்டுக்காரரும் அங்கே போய் உட்கார ஆரம்பித்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது.

என் வீட்டுக்காரர் சார்லஸ் உப்பளத்தில் மேஸ்திரி. கல்யாணமாகிப் பதினாறு வருஷம். குழம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் "ம்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. அந்த மனுஷன் ரேணுகா வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார் என்று பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள் வந்து சொன்னாள். ரேணுகாவின் புருஷன் சென்னையில் லாரி ஓட்டுகிறவன், மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவான் என்பதையும் எனக்குத் தெரியாததுபோலச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு எனக்கு எல்லாமே தப்பாகப் பட்டது. பைக்கை வீட்டில் விட்டுவிட்டு நடந்தே போகிறார். வண்டிச் சத்தம் தெருவுக்குக் கேட்டுவிடுமே. கோயிலில் திருப்பலிக்கு வாசகம் வாசிக்கிறவர், இரண்டு மாதமாக வேறு ஆளை அனுப்புகிறார். பீடத்தில் ஏற மனசாட்சி இடம் கொடுக்கவில்லை போலிருக்கிறது. எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டால் "சும்மா" என்றார்.

எனக்குச் சண்டை போடத் தெரியாதா என்ன. ஆனால் நான் சண்டை போட்டால் இங்கே வாயை மூடிக்கொள்வார், அங்கே போய்த் திறப்பார். அதனால் நானே சீட்டுப் பார்க்கக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். பங்குக் கோயில் சாமியாருக்குத் தெரிந்தால் திட்டுவார். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொள்ளலாம். வீட்டிலேயே சீட்டு இருக்கும்போது அடுத்தவள் வீட்டுக்கு எதற்குப் போகிறார் என்று பார்த்துவிடலாம்.

"எந்த புக்கப் படிச்சு கத்துக்கிட்ட?" என்று பஸ்ஸில் ரேணுகாவிடம் கேட்டேன்.

அவள் முகம் மலர்ந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"நீயும் கத்துக்கப் போறியாக்கா? தடி புக்கு வாங்காத. ஒரு சீட்டுக்கு ஒரு பக்கம், பெரிய படம், கீழ நாலு வரி. அப்படி ஒரு சின்ன புக்கு இருக்குது, அத வாங்கு. இந்தச் சீட்டு வந்தா இதான் நடக்கும்னு அடிச்சு சொல்ற புக்கு மட்டும் வேணாம். சீட்டு தலைகீழா வந்தா என்னாங்கறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். கூட ஒரு நோட்டு வெச்சுக்க. படத்தப் பாத்தா உனக்கு என்னா தோணுதோ அத எழுதிக்கினு வா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்க்கா. வர்றவங்க கிட்ட என்னா தெரியுதுன்னு கேளு. மீதிய அவங்களே சொல்லிடுவாங்க."

நாலு வரியாம். யாராவது கைப்பக்குவத்தை முழுசாகச் சொல்லிக்கொடுப்பார்களா? மீன் குழம்புக்குப் பக்குவம் கேட்டவர்களிடம் நானே வெந்தயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். இவள் மட்டும் சொல்லிவிடுவாளா? அவள் எதை வாங்கு என்றாளோ அதை வாங்கக் கூடாது என்று அந்த பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

பாண்டிச்சேரியில் கூனிமேட்டுக்காரர் அப்துல் சுக்கூர் பாய் புத்தகக் கடை வைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் மூன்று புத்தகங்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று, ரேணுகா சொன்ன அதே சின்னது. இன்னொன்று இங்கிலீஷ். கிரகம், நட்சத்திரம், எண் கணக்கு என்று இரண்டு பக்கம் பார்த்ததுமே தலை சுற்றியது. மூன்றாவது தமிழில், சிவப்பு அட்டை போட்டு நானூறு பக்கம். கேள்வி: வாள் மூன்று சீட்டு வந்தால் என்ன? பதில்: பிரிவு. கேள்வி: அதுவே தலைகீழாக வந்தால்? பதில்: பிரிந்தவர் கூடுவர். கல்யாணம், வேலை, வியாதி, பிரயாணம் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது.

மறைக்கல்விப் போட்டியில் மூன்று வருஷம் பங்கிலேயே முதல் பரிசு வாங்கியவள் நான். கேள்வியும் பதிலுமாகக் கொடுத்தால் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிப்பேன். சிவப்பு அட்டையை எடுத்துக்கொண்டேன், கூடவே ஒரு சீட்டுக்கட்டும்.

"அத வாங்கறவங்க ரெண்டு மாசத்துல பழைய புக்காப் போட வந்துடறாங்கம்மா," என்றார் பாய். "இந்தச் சின்னது மட்டும் திரும்பி வந்ததே இல்ல."

ரேணுகா இவரிடமும் சொல்லிவைத்திருப்பாளோ என்று சந்தேகம் வந்தது. என் புத்தி அவ்வளவு தூரம் போயிருந்தது.

நாற்பது நாள் படித்தேன். கெஸ்ட் ஹவுஸில் மதியம் பாத்திரம் கழுவி முடித்ததும் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, நேர் பலன் தனியாக, தலைகீழ்ப் பலன் தனியாக உருப்போட்டேன். எழுபத்தெட்டும் மனப்பாடம் ஆயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பிட்டு, சார்லஸ் செருப்பை மாட்டினார்.

"செருப்பக் கழட்டிட்டு உக்காருங்க," என்றேன். "சீட்டு நானே பாக்கறேன்."

அவர் செருப்பைக் கழற்றினார். பிறகு வந்து உட்கார்ந்தார். மூன்று சீட்டு எடுக்கச் சொன்னேன், எடுத்தார். முதல் சீட்டு கோப்பை பத்து. குடும்பத்தில் ஒற்றுமை, மனநிறைவு என்று ஒப்பித்தேன். இரண்டாவது தேர். தடைகள் விலகும், வாகன யோகம் உண்டு. மூன்றாவதைத் திருப்பினேன்.

"சூரியன். நேரா வந்திருக்குது. வெற்றி, வெளிச்சம், தேக ஆரோக்கியம். இதுக்கு மேல நல்ல சீட்டே கெடையாது."

அவர் அதைக் கையில் எடுத்தார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். மறுபடி மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே வைத்துக்கொண்டார்.

"இதுல சூரியன் எங்க இருக்குது ஜான்சி?"

பாதிச் சீட்டுக்கு மஞ்சளாகச் சூரியன்தான் இருந்தது. புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை.

"பொங்கல்லேருந்து இப்படித்தான்," என்றார். "அளத்துல உப்பு மேல வெயில் அடிக்குது பாரு, அப்ப மொத்தமா வெள்ளையாப் பூடுது. வீட்ல கொஞ்சம் தேவல. வண்டி ஓட்ட பயமா இருக்குது. கோயில்ல எழுத்து தெரியல."

"ரேணுகாவுக்கு எப்பலேருந்து தெரியும்?"

கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. இதைத்தான் கேட்டேன்.

"தவக்காலத்துலேருந்து. அவங்கப்பாவுக்கும் அளத்துல வேலை செஞ்சுதான கண்ணு போச்சு. அத விசாரிக்கலாம்னு போனேன். ஒரு சீட்ட எடுத்து, என்னா தெரியுது அண்ணேன்னு கேட்டா. ஒண்ணுமே தெரியலன்னேன். அப்புறம் எல்லாத்தையும் சொல்லிட்டேன். உங்கிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்க சொல்ல விடற? கேள்வியும் நீயே கேப்ப, பதிலும் நீயே சொல்லிடுவ."

கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ரேணுகா தினமும் பஸ்ஸில் என் தோளில் தோள் இடிக்க உட்கார்ந்து வருகிறவள். இத்தனை வாரமும் இதை மனசில் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். என் புருஷன் பயப்படுகிறார் என்பது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவருடைய கண்ணைவிட அதுதான் எனக்கு அந்த நேரம் பெரிதாக இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

"நாளைக்கு பாண்டிச்சேரி கண்ணாஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க," என்றார். "கூட வர்றேன்னு ரேணுகா லீவு சொல்லியிருக்குது."

"அவள வேலைக்குப் போவச் சொல்லுங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

"அவங்கப்பாவ அங்கதான் காட்டுனாங்க. அந்த டாக்டர ரேணுகாவுக்கு நல்லாத் தெரியும் ஜான்சி."

"டாக்டரத்தான தெரியும்? எனக்கு உங்களத் தெரியும்."

வாயை விட்டு வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய பொய் என்று எனக்கு உறைத்தது.