மூன்றாவது வயர்

ஆவுடைத்தாய்க்கு வலது தோள் செத்துப்போயிருந்தது. இருபது வருஷமாகச் செங்கலும் சாந்தும் ஏற்றி இறக்கிய உடம்பு. இப்போது தலைக்கு எண்ணெய் வைக்கக் கையைத் தூக்கினாலே கண்ணில் தண்ணி வந்துவிடும். இனிச் சித்தாள் வேலைக்குப் போகமுடியாது. புருஷன் கொல்லத்தில் கொத்தனார் வேலை பார்த்து அனுப்புகிற பணம் வீட்டுக் கடனுக்கே சரி. குத்துக்கல்வலசையில் கட்டி முடித்த ரெண்டு ரூம் வீட்டில் பெரிய கிரைண்டர் ஒன்றைப் போட்டு, குற்றாலம் சீசன் கடைகளுக்குத் தோசைமாவு அரைத்துக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டாள். கிரைண்டர் வந்து இறங்கிவிட்டது. கரண்டுதான் வரவில்லை. சாரல் விழுவதற்குள் வரவில்லையென்றால் கடைக்காரர்கள் வேறு ஆள் பார்த்துவிடுவார்கள்.

வயரிங் செய்தது கொழுந்தன் மாரிச்செல்வம். கூலி வாங்கவில்லை. ஆனால் அவனிடம் லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் உள்ள ஆள் கையெழுத்துப் போட்டால்தான் ஈபியில் இணைப்பு.

"அதுக்கென்ன மதினி, தெரிஞ்ச ஆளு ஒருத்தரு இருக்காரு. வீட்டுப்பக்கம் வராமலே போட்டுருவாரு."

"பாக்காமப் போடுத கையெழுத்து எனக்கெதுக்கு?"

போன மழைக்காலத்தில் கலவை மெஷினைத் தொட்ட ஒருத்தியைக் கரண்டு தூக்கி எறிந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள்.

தென்காசியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் வல்லிநாயகம், இலஞ்சியில் இருக்கும் லைசென்ஸ் எலக்ட்ரீசியன் ரூபியின் நம்பரைக் கொடுத்தார்.

"பொம்பளப் பிள்ளையா அண்ணாச்சி?"

"நீ செங்கல் சுமக்கும்போது கட்டடம் கேட்டுச்சாக்கும், ஆம்பளையா பொம்பளையான்னு!"

மறுநாள் ரூபி ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள் ஆவுடைத்தாய் கையை நீட்டினாள். "லைசென்ஸைக் காட்டும்மா."

"பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரில்லா கேக்கிய அக்கா" என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். படத்தில் இருந்தது அவள்தான். தேதியும் தாண்டவில்லை.

கிரைண்டருக்கு வைத்த பிளக் பாயிண்டை ரூபி கழற்றினாள். உள்ளே ரெண்டே வயர். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் மூன்றாவது வயர், எர்த், இல்லை. அடுத்த சுவிட்ச் பெட்டியிலும் இல்லை. வீட்டைச் சுற்றி வந்து பார்த்தாள். எர்த்துக்குக் குழியே தோண்டவில்லை.

கூடவே நின்ற மாரிச்செல்வம் எகிறினான். "குத்தாலத்துல சீசன் கடைக்கெல்லாம் நான்தான் வயர் இழுக்கேன். எல்லாம் ரெண்டு வயர்தான். எவனாவது செத்தானா?"

"அது பல்பு தொங்கவிட்டு மூணு மாசத்துல பிரிக்கித கடை அண்ணாச்சி. இந்த வீட்டைப் பிரிப்பியளா? சாரலுக்குச் செவுரு ஊறும். அக்கா ஈரக்கையோட கிரைண்டரைத் தொடுவாங்க. எர்த் போடாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"துட்டுக்காகப் பேசுதா மதினி. நீங்க யாரை நம்புதிய?"

ஆவுடைத்தாய் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "லைசென்ஸ் உள்ளவளை நம்புதேன். ஓசி வேலை ஓசி மாதிரிதான இருக்கும். நீரு வெளிய போம்!"

எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். டெஸ்டரைத் தரையில் எறிந்துவிட்டு அவன் போய்விட்டான்.

ரூபி பழைய பைப்புக்குள்ளேயே பச்சை எர்த் வயரை இழுத்தாள். குழி தோண்ட ஆள் கிடைக்கவில்லை. ஆவுடைத்தாயே இடதுகையால் கடப்பாரையைப் போட்டுப் பார்த்தாள். பாறைத் தரை, பொழுது சாயும்வரை முட்டளவுகூட இறங்கவில்லை.

காலையில் 'டங், டங்' என்று சத்தம். மாரிச்செல்வம் குழிக்குள் நின்றான். ஆவுடைத்தாய் முகத்தைப் பார்க்கவில்லை.

"எவ்வளவு ஆழம்னு அந்தப் பிள்ளைகிட்ட கேளுங்க."

"நான் இங்கனதான அண்ணாச்சி நிக்கேன்" என்றாள் அப்போதுதான் ஸ்கூட்டியை நிறுத்திய ரூபி.

"ஒங்கிட்ட நான் கேக்கமாட்டேன்."

எர்த் பைப்பைக் குழியில் இறக்கும்போது அவனால் பொறுக்கமுடியவில்லை. "கரியும் உப்பும் எதுக்குப் போடுதே?"

"ஈரம் நிக்கத்தான்."

"ம். மூணாவது வயருக்குக் கடைக்காரப் பயலுவ துட்டு தரமாட்டானுவ."

"கேட்டுப் பாத்தியளா?"

அவன் கரியை அள்ளிக் குழிக்குள் கொட்டினான். ரூபி மீட்டரை வைத்து ஒவ்வொரு பாயிண்டாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

இணைப்பு வந்தது. கிரைண்டர் சுற்றியது. ஆவுடைத்தாய் ஈரக்கையை அதன் மேல் வைத்தாள். சுள்ளென்றுகூட இல்லை. முதல் சாரலுக்கு முன்னாலேயே ரெண்டு கடைக்கு மாவு போக ஆரம்பித்தது.

கறி எடுத்துச் சோறாக்கி ரெண்டு பேரையும் கூப்பிட்டாள். ரூபி வந்து சாப்பிட்டாள். மாரிச்செல்வம் குற்றாலத்திலிருந்து போனில், "வேலை கெடக்கு மதினி" என்றான். கோபமா, நிஜமாகவே வேலையா, தெரியவில்லை.

கறிச்சோறு போட்டுத் தீர்க்கிற கணக்கில்லை அது என்று அவளுக்குத் தெரியும். கூலி வாங்காதவன் வேலையை ஓசி என்று தெருவுக்கே கேட்கச் சொன்னதைத் தெருவுக்கே கேட்கத் தப்பென்று சொல்லவேண்டும். அந்த ஒரு வார்த்தை மாரிச்செல்வத்துக்கு அவள் தரவேண்டிய கடன், இன்னும் தரவில்லை.