பிள்ளையாசை

மண் கரைத்த தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. கடைவாய் வழியாக வழிந்து தலையணையில் செம்மண் கறையாகப் பரவியது. பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாள் அதை முந்தானையால் துடைத்துவிட்டு, "மண்ணாசை இல்ல. பொன்னு ஒரசி ஊத்துங்க" என்றாள்.

வள்ளி தன் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். யாரோ ஒருத்தி அதைச் சந்தனக் கல்லில் உரசித் தண்ணீரில் கலந்து கொண்டுவந்தாள். அதுவும் வழிந்தது.

பாயில் கிடந்தது வள்ளியின் அம்மா தில்லையம்மாள். வயிற்றில் கட்டி. பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் வீட்டில் இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். ஆகாரம் நின்று வெகுநாளாயிற்று. மூச்சு மட்டும் போவதும், எதையோ மறந்து வைத்துவிட்டுத் திரும்பி வருகிறவளைப் போல வருவதுமாக இருந்தது. முந்தாநாளே முடிந்துவிடும் என்றுதான் வாலாஜாபாத்துக்கு ஆள் அனுப்பி வள்ளியைக் கூப்பிட்டார்கள். அவளும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, புருஷன் வீரபாகுவோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். முடியவில்லை.

"எதுக்கோ காத்துக்கினு இருக்குது உயிரு" என்றாள் பொன்னியம்மாள்.

"எதுக்குக் காத்துக்கினு இருக்கும்?" சுவரோரம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஜெயம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "பெத்ததத்தான் தூக்கல. பேத்தியவாவது தூக்கட்டும். பிள்ளையாசையா இருந்தாலும் இருக்கும், யாரு கண்டா."

ஜெயம்மாள் வள்ளியின் அத்தை. அப்பாவுக்கு அக்கா. வள்ளியை வளர்த்தது அவள்தான். தாமலில் அவள் புருஷன் மளிகைக் கடை வைத்திருந்தார், பிள்ளையில்லாத வீடு. வள்ளி தொட்டில் குழந்தையாக இருந்தபோது அம்மா அவளை அங்கே கொண்டுபோய் விட்டாள். அந்தக் கதையை அத்தை சொல்லாத நாளில்லை.

"சித்திரை மாசத்து வெயிலு. காஞ்சீவரத்துலேர்ந்து அம்மாந்தூரம் நடந்தே வந்திருக்கா மகராசி. வாசப்படி ஏறல. துணி மூட்டையப் போடற மாதிரி எங்கையில போட்டா. ஒரு வாய் தண்ணி குடிடின்னேன். திரும்பிக்கூடப் பாக்கல, போயிட்டா."

மற்றப் பிள்ளைகள் ராஜா ராணிக் கதை கேட்டு வளர்ந்தார்கள். வள்ளி இதைக் கேட்டு வளர்ந்தாள். பொங்கலுக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் இந்த வீட்டுக்கு அழைத்து வருவார்கள். அம்மா இலை போட்டுப் பரிமாறுவாள். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்பாள். தலை வாரிவிட மாட்டாள், பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ள மாட்டாள். ஒருமுறை மத்தியானத் தூக்கத்தில் புரண்டு படுத்தபோது, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அம்மா தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றியது. எழுந்து உட்காருவதற்குள் அங்கே யாரும் இல்லை.

பெரியவளான பிறகு வள்ளி அதையெல்லாம் நினைப்பதை விட்டுவிட்டாள். சிலருக்கு நெஞ்சுக்குள் பாறாங்கல் இருக்கும், அம்மாவுக்கு இருக்கிறது, அவ்வளவுதான். தனக்கென்று ஒன்று பிறந்தால் தரையில் விடாமல் வளர்க்க வேண்டும் என்று மட்டும் மனசுக்குள் வைத்திருந்தாள்.

பிறந்தது. பெண். பால் சுரந்தது. மற்றது சுரக்கவில்லை.

குழந்தை அழுதால் அடுத்த தெருவில் யார் வீட்டுக் குழந்தையோ அழுவது போலக் கேட்டது. அது தூங்கினாலும் அவளுக்குத் தூக்கம் வராது. விடிந்தால் உடம்பு ஈரச் சாக்காகக் கனக்கும். ஒருநாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே தண்ணீர் சேந்தப் போனவள், கிணற்றுச் சுவரோரம் நின்றுவிட்டாள். கை தளர்ந்தால் போதும் என்று ஒரு நினைப்பு வந்தது. அது அவளே நினைத்தது போல இல்லை. யாரோ காதோரம் வந்து சொன்ன மாதிரி இருந்தது. ஓடிவந்து குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு தன் கையையே அவள் நம்பவில்லை. குழந்தையைக் குளிப்பாட்ட ஒருத்தி, தூக்க ஒருத்தி என்று ஏதாவது சாக்குச் சொல்லி அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வீரபாகு அரிசி மில்லிலிருந்து வந்து, "ஏன் ஒரு மாதிரி இருக்க?" என்றால், "ஒண்ணுமில்ல" என்பாள். எதைச் சொல்வது? அம்மாவின் கல் தனக்குள்ளும் இறங்கிவிட்டது என்றா?

ஜெயம்மாள் குழந்தையோடு எழுந்து பாயருகே வந்தாள். "தில்ல, இங்க பாரு. ஒன் பேத்தி."

குழந்தையைத் தில்லையம்மாளின் மார்பில் குப்புறப் படுக்க வைத்தாள். எலும்பும் தோலுமாகக் கிடந்த கையை எடுத்து அதன் முதுகின் மேல் வைத்து அழுத்தினாள்.

நேற்றிலிருந்து மூடியிருந்த கண்கள் திறந்தன. கை குழந்தையின் மேலிருந்து நழுவி, போர்வைக்கடியில் போய் முஷ்டியாக மூடிக்கொண்டது.

"எடுத்துடு" என்றாள் தில்லையம்மாள். குரல் காற்றாகத்தான் வந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "எடுத்துடுங்கம்மா... எடுத்துடுங்க."

ஜெயம்மாள் குழந்தையை வெடுக்கென்று தூக்கித் தோளில் சாத்திக்கொண்டாள். "பாத்துக்கினீங்களா? போற நேரத்துலகூட மனசு எளகல பாருங்க. இது பொம்பள ஜென்மமா?"

வள்ளி எதிரில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அந்த முகத்தில் வெறுப்பைத் தேடிப் பார்த்தாள். அங்கே இருந்தது பயம். தன் கையைக் கண்டே ஒருத்தி பயப்படுகிற பயம். அது எப்படி இருக்கும் என்று வள்ளிக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

மத்தியானம் பொன்னியம்மாள் வீட்டிலிருந்து எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஜெயம்மாள் குழந்தையோடு போனாள். வீரபாகுவும் கைகழுவப் போனான். "நான் அப்புறமா வரேன்" என்று வள்ளி இருந்துவிட்டாள். அப்பா மாணிக்கவாசகம் உள்ளே, ஓட்டம் நின்றுபோன தறிக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் இரண்டு நாளாக அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

வள்ளி அம்மாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். ஈ ஒன்று உதட்டில் உட்கார வந்தது. விரட்டினாள்.

"அம்மா."

மூச்சு போய், வந்தது.

"எனக்கும் அப்படித்தாம்மா இருக்குது." சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தாள். யாருமில்லை. "கொழந்தையப் பாத்தா பயமா இருக்குது. பாசமே வரமாட்டுது. பயம்தான் வருது."

காதில் விழவில்லை என்று நினைத்தாள். பிறகு உதடுகள் அசைந்தன. வள்ளி குனிந்து காதை வாயருகே கொண்டுபோனாள்.

"தூங்கறியா?"

குழந்தை பிறந்ததிலிருந்து எல்லோரும் கேட்டார்கள், குழந்தை தூங்குகிறதா, பால் குடிக்கிறதா, எடை போட்டதா என்று. அவளை யாரும் இதைக் கேட்டதில்லை.

"இல்லம்மா."

"கெணத்தாண்ட போவாத."

கிணற்றைப் பற்றி அவள் வாயைத் திறக்கவே இல்லை.

"போவலம்மா."

"சொல்லிடு." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு செலவாயிற்று. "யாராண்டயாவது... சொல்லிடு."

"ஒனக்கு அது போச்சாம்மா? எப்பவாவது போச்சா?"

தில்லையம்மாள் கண்ணைத் திறந்தாள். வளர்ந்த மகளை அவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போச்சு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அதுக்குள்ள நீ... அத்தைய அம்மான்னுட்ட."

வள்ளிக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இந்த மனுஷியை எப்படித் தொடுவது என்று தெரியவில்லை. போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். சரியாக இருந்ததையே மறுபடி சரிசெய்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் பொன்னியம்மாள் பாலாடையில் பாலோடு வந்தாள். "நீ ஊத்திப் பாரு வள்ளி. மக கை." வள்ளி ஊற்றினாள். வழியவில்லை. தொண்டைக்குழி ஒருதரம் ஏறி இறங்கியது. போன மூச்சு பிறகு வரவில்லை.

முதலில் மாரில் அடித்துக்கொண்டு அழுதது ஜெயம்மாள்தான். "என் தங்கமே, தனியா போயிட்டியே" என்று அவள் போட்ட கூச்சலில் தெரு கூடிவிட்டது. அழுகை பொய்யில்லை. அதுவரை திட்டியதும் பொய்யில்லை.

மறுநாள் காலையில் குளிப்பாட்டினார்கள். மஞ்சள் பூசி, கூறைப்புடவை உடுத்தி, தலையில் பூ வைத்தார்கள். மேளம் வந்தது. பாடை கட்டினார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அந்த வட்டத்தில் வள்ளியும் இருந்தாள். இருபக்கமும் தோளைப் பிடித்து ஆட்டினார்கள். ஆடினாள். கண்ணில் ஒரு பொட்டு வரவில்லை.

"ஆயிரம் இருந்தாலும் பெத்தவளாச்சே" என்றாள் பின்னால் ஒருத்தி.

"அவளாட்டமே இதுவும்" என்றாள் இன்னொருத்தி, மெதுவாகத்தான்.

தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஆண்கள் திரும்பி வந்து குளித்தார்கள். வந்த சனம் கரைந்தது. ஜெயம்மாள் குழந்தையை வள்ளியின் மடியில் கொடுத்துவிட்டு, அழுத களைப்பில் பொன்னியம்மாள் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

வீரபாகு ஈரத்தலையைத் துவட்டியபடி வந்தான். "சாயங்கால பஸ்ஸுக்குப் போயிடலாமா? மில்லுல லீவு குடுக்க மாட்டான். காரியத்துக்கு வந்துக்கலாம்." குரலைத் தணித்துக்கொண்டான். "ஒனக்கு அங்க இன்னா வேல? கொழந்தையப் பாத்துக்கினு இருக்கப் போற. நான் வேலைக்குப் போயிட்டா நீயும் அதுவும்தான். நிம்மதியா இருக்கலாம்."

நல்ல மனுஷன். ஆறுதலாகத்தான் சொன்னான். வள்ளிக்கு அந்த வீடு கண்முன் வந்தது. சாத்திய கதவு, பகல் முழுவதும் நீண்டு கிடக்கிற தாழ்வாரம், கொல்லைப்புறம். குழந்தையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போய் அப்பாவின் முன் நின்றாள்.

"நைனா."

அவர் நிமிர்ந்தார். நெற்றியில் விபூதி ஈரம் காயாமல் இருந்தது.

"இந்தக் கொழந்தைய எங்கையில ஒண்டியா விடாதீங்க நைனா."

"இன்னா?"

"பயமா இருக்குது. எங்கையாலயே எதுனா ஆயிடும்னு பயமா இருக்குது. ராத்திரி தூக்கம் இல்ல. கெட்ட கெட்ட நெனப்பா வருது. யாராண்டயும் சொல்லல. இப்ப சொல்றேன்."

மாணிக்கவாசகம் அவளையே பார்த்தார். பார்வை மெல்ல அவளைவிட்டு இறங்கித் தன் வலது உள்ளங்கைக்கு வந்தது. அதை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இதேதான் சொன்னா" என்றார். "இங்கியேதான் நின்னுக்கினு சொன்னா. ஒன்னத் தோள்ல போட்டுக்கினு."

"நீங்க இன்னா சொன்னீங்க நைனா?"

வாசலில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவர் உள்ளங்கையை மடக்கினார்.

"அறைஞ்சேன்."

வள்ளி குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"எந்தப் பொம்பளயாவது இப்டிப் பேசுவாளான்னு அறைஞ்சேன். பேய் புடிச்சிக்கிச்சுன்னாங்க. கூட்டிக்கினு போய் வேப்பிலையால அடிக்க வெச்சேன். முதுகெல்லாம் ரத்தம். திரும்பிக் கூட்டியாந்த மறுநாளுதான், நான் சந்தைக்குப் போயிருந்தப்ப, ஒன்னத் தூக்கிக்கினு நடந்துட்டா." அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "எங்க அக்கா சொல்றதத்தான் நானும் ஊருக்குச் சொல்லிக்கினு இருந்தேன். ஒங்கம்மாவும் ஒரு நாளும் மாத்திச் சொல்லல."

குழந்தை முனகியது. வள்ளி அதை நெஞ்சிலிருந்து சற்று விலக்கிப் பிடித்தாள். அதைப் பார்த்துவிட்டு அவர் இரண்டு கையையும் நீட்டினார்.

"குடு."

கொடுத்தாள்.

வாசற்பக்கமிருந்து வீரபாகு எட்டிப் பார்த்தான். "நேரமாவுது வள்ளி."

"மாப்ளே, அவ இங்க இருக்கட்டும்" என்றார் மாணிக்கவாசகம். "நீங்க போய்ட்டு வாங்க."

"எத்தினி நாளைக்கு மாமா?"

"அது போற வரைக்கும்."

எது என்று வீரபாகுவுக்கு விளங்கவில்லை. மாமனாரின் முகத்தையும் பெண்டாட்டியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். சாவு வீட்டில் மேற்கொண்டு கேட்கக் கூடாதென்று நினைத்தவன் போல, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, "ஞாயித்துக்கெழம வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"படு" என்றார் மாணிக்கவாசகம் மகளிடம்.

கழுவிவிட்ட தரை இன்னும் சில்லென்று இருந்தது. வள்ளி பாய்கூட விரிக்காமல் சுவரோரம் படுத்து, முந்தானையை முகத்தின் மேல் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அந்த முந்தானைக்குள் தோள்கள் குலுங்கின. அவர் பார்க்காதது போல இருந்தார்.

குழந்தையை எப்படிப் பிடிப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. தலை ஒருபக்கம் சாய்ந்தது, முழங்கையைக் கொடுத்தார். கால் நழுவியது, வேட்டியைச் சுற்றினார். அது வீறிட்டு அழ ஆரம்பித்தது. செய்வதறியாமல் சுற்றுமுற்றும் பார்த்தவர், பழகின இடம் என்று தறிக்குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டார். கால்கள் தாமாக மிதிகட்டையைத் தேடி மிதித்தன. எதிரே அரக்கு நிறப் பாவு இழைகள் பாதி மேலே எழும்பின, பாதி கீழே இறங்கின. குறுக்கு நூலை இழுத்துப்போகும் நாடா ஓடவில்லை. மறுபடி மிதித்தார். இழைகள் இடம் மாறின. குழந்தை அழுகையை நிறுத்தி, வாயைத் திறந்தபடி அதையே பார்த்தது.

சத்தம் கேட்டுப் பொன்னியம்மாள் வாசலுக்கு ஓடிவந்தாள். "இன்னாங்க இது, பொணம் போயி பொழுதுகூட சாயல. சாவு வூட்ல தறி ஓட்றீங்களா?"

மாணிக்கவாசகம் மிதிப்பதை நிறுத்தவில்லை.