வெர்னாவின் டயரில் ஒரு பென்னி

1.

இந்தக் கதை எனக்கு இலவசமாகக் கிடைத்தது, சந்தேகம் தொடங்கியதே அங்கிருந்துதான். அமெரிக்காவில், டொலிடோ நகருக்கு வெளியே வாரச் சந்தையில் பழைய கதவுக் கைப்பிடி விற்கிறேன். சும்மா வருகிற பொருளை எங்கள் குடும்பத்தில் யாரும் திருப்பிப் பார்க்காமல் வாங்கியதில்லை. பக்கத்துக் கடை வெர்னா தனக்கு நேர்ந்ததைச் சொன்னபோதும் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில்தான் கோளாறு.

2.

முதல் வரி, ஒரு முயற்சி: 'கேமரா இருந்தால் போதும், திருடனுக்கு இனி முகமூடி...' வேண்டாம். வங்கியில் ஒட்டிய சுவரொட்டி மாதிரி இருக்கிறது.

இன்னொன்று: வெர்னா ஒரு பழைய சலூன் நாற்காலியை விற்றாள். வாங்கியவர் காசோலை கொடுத்தார். பின்பக்கம் கையெழுத்திட்டு, இருபுறமும் கைப்பேசியில் படமெடுத்து வங்கிக்கு அனுப்பினாள். பணம் கணக்கில் ஏறியது. தாள் அவளிடமே இருந்தது.

இதை வைத்துக்கொள்கிறேன். கடைசி வாக்கியம்தான் முழுக் கதையும்.*

(* கையெழுத்துக்குக் கீழே 'கைப்பேசி வழி வரவுக்கு மட்டும்' என்று எழுதியிருக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால், தெரிந்த முகம் எது நீட்டினாலும் அதே தாள் மறுபடி பணமாகிவிடும். சில நாள் கழித்துக் கிழித்துப் போடச் சொல்லி வங்கியும் சொல்லத்தான் செய்கிறது. எங்கள் சந்தையில் தொகை எழுதிய தாளை எவரும் கிழிப்பதில்லை, கை வராது. வெர்னா அதை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்தாள்.)

3.

அவள் தம்பி டுவேனை எப்படி உள்ளே கொண்டுவருவது? 'நல்லவன், ஆனால்' என்று எழுதினேன். 'ஆனால்' போட்ட பிறகு 'நல்லவன்' எதற்கு? இரண்டையும் அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தான். போகும்போது காசோலையையும் அக்காவின் வேனையும் எடுத்துப் போனான். தெருமுனையில் காசோலையை வாங்கிக்கொண்டு ரொக்கம் தரும் கடையில் அவனைத் தெரியும், கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். வேன் திரும்பி வந்தபோது நான்கு டயரும் மாறியிருந்தன.

ஒரே காசோலைக்கு இரண்டு முறை பணம் போனதை நாற்காலி வாங்கியவர் கவனித்துப் புகார் செய்தார். அசல் தாளை வைத்திருந்த கடை தப்பியது. வெர்னாவின் வங்கி, ஏறிய பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு கணக்கையும் பூட்டியது.

"நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்க்கா. ஃப்ரிட்ஜ்ல சும்மா தொங்குதேன்னு..."

"அம்மா போட்டோவும்தான் தொங்குது. அதை ஏன் விட்டுட்டுப் போன?"

"உன் டயரு மொட்டையா இருந்துச்சு. மழையில வழுக்கியிருந்தா செத்திருப்ப."

"பில்லு எங்க?"

"ரொக்கத்துக்கு எவன் பில்லு தர்றான்? நீ தர்றியா?"

வெர்னாவின் கடையிலும் பில் புத்தகம் கிடையாது. பக்கத்துக் கடையில் நான் ஒரு கைப்பிடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

4.

வங்கி ஒரு தாள் அனுப்பியது. 'காசோலையை என் அனுமதியில்லாமல் இன்னார் எடுத்தார்' என்று வெர்னா கையெழுத்திட்டால் கணக்கு திறக்கும். விஷயம் போலீசுக்குப் போகும். போடாவிட்டால் நஷ்டம் அவளுடையது, பூட்டும் அப்படியே. அந்தக் கணக்கிலிருந்து சனிக்கிழமைக்குள் வாடகை கட்டாவிட்டால் சந்தை வாசலோரத்தில் அவளுடைய மூலைக்கடை கைமாறும். அதை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

(டுவேன் ஒரு பழைய வழக்கில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு வெளியே இருக்கிறான், இன்னொரு புகார் வந்தால் நேராக உள்ளே. இதை முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மூன்றாம் பகுதியிலேயே நீங்கள் தீர்ப்பு எழுதியிருப்பீர்கள்.)

"கையெழுத்தப் போட்டுத் தொலையேன்," என்றேன்.

"உனக்கென்ன, கைப்பிடி போனா வேற கைப்பிடி. எனக்குப் பணம் போனது கூடப் பரவால்ல. மறந்துட்டேன்னு நெனச்சு எடுத்தானா, ஏமாத்தினானா, அது தெரியணும்."

5.

முடிவுகள் என் மேசையில் கிடக்கின்றன, பார்த்து எடுங்கள். அவள் கையெழுத்திட்டாள்: விலை, ஒரு தம்பி. அந்தத் தாளைக் கிழித்தாள்: விலை, மூலைக்கடை. வங்கி மனமிரங்கியது: இதை நானே வாங்க மாட்டேன், உங்கள் தலையில் எப்படிக் கட்டுவேன்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்தது வரை தருகிறேன். வெர்னா வேனின் அருகே ஒரு பென்னியோடு, லிங்கன் தலை பொறித்த ஒரு சென்ட் காசோடு, குந்தினாள். இங்கே டயர் வாங்குகிற எல்லோரும் செய்கிற சோதனைதான்: காசைத் தலைகீழாக டயரின் பள்ளத்தில் செருக வேண்டும். லிங்கனின் தலை கொஞ்சம் மறைந்தால் டயர் நல்லது, டுவேன் சொன்னது நிஜம். முழுத் தலையும் தெரிந்தால், அது கறுப்பு பூசிய பழைய டயர்; மிச்சப் பணம் அவன் பையில்.

"செருகிப் பாருக்கா. நான் எங்கயும் ஓடல," என்றான் டுவேன். கைகள் பைக்குள் இருந்தன. குளிர் காலம், எல்லோர் கையும் பைக்குள்தான்.

அவள் செருகினாள். கண்ணைச் சுருக்கினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கண்ணாடி வீட்ல இருக்கு. யோவ், நீ பாத்துச் சொல்லு."

நான் பொருளை விற்கிறவன்; அதைப் பற்றி உண்மை சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் உங்களை இவ்வளவு தூரம் கூட்டிவந்தேன். பென்னி டயரிலேயே இருக்கிறது. குனிந்து பாருங்கள். தெரிவதைச் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். அவன் பக்கத்திலேயே நிற்கிறான், அவள் வங்கித் தாளை விரித்துப் பேனாவைத் திறந்துவிட்டாள்.